வதந்தி பற்றுவது பெண் பெயரில், சமாதானம் பேச மட்டும் ஆண்களா?

அலைவரிசை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். மற்ற நண்பர்களுக்கு வணக்கம்.

முஸ்லிம்கள் ஒரு தரப்பாக இருக்கும் கலவரச் செய்திகளைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் படித்துப் பாருங்கள். முதல் கல் விழுவதற்கு முன்பே ஒரு கதை சுற்றியிருக்கும். பெரும்பாலும் அந்தக் கதைக்குள் ஒரு பெண்ணின் மானம் இருக்கும், இல்லையென்றால் பிள்ளைப்பேறு இருக்கும்.

2014 ஜூலை, மியன்மாரின் மாண்டலே. தேநீர்க் கடை நடத்தும் முஸ்லிம்கள் தங்களிடம் வேலை பார்த்த பௌத்தப் பெண்ணைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஃபேஸ்புக்கில் கிளம்பியது. ஒரு பௌத்தர், ஒரு முஸ்லிம் என இரண்டு பேர் செத்தார்கள். பிறகு பார்த்தால் புகாரே ஜோடனை. 2018 பிப்ரவரி, இலங்கையின் அம்பாறை. முஸ்லிம் உணவகத்தில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்றார்கள். அரசுப் பகுப்பாய்வாளர் சோதித்ததில் அது வெறும் மாவுக்கட்டி. அந்த முடிவு வருவதற்குள் அம்பாறையில் பள்ளிவாசலை அடித்து நொறுக்கியாகிவிட்டது, அடுத்த மாதம் கண்டிப் பக்கம் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 2019 மே, ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு ஒரு மாதம் கழித்து, முஸ்லிம் மருத்துவர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்று ஒரு பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. மருத்துவரைக் கைது செய்தார்கள். ஆதாரம் எதுவும் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே பின்னால் சொன்னது. முதல் பக்கத்தில் வந்ததைப் படித்தவர்களில் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள்?

சரி, கலவரம் அடங்கியதும் என்ன நடக்கிறது? ஒரு மேடை. தாடியும் தலைப்பாகையும் காவியும் அங்கியுமாக ஏழெட்டு ஆண்கள் வரிசையாகக் கை கோத்து நிற்கிறார்கள். புகைப்படம். "மதத் தலைவர்கள் அமைதிக்கு அழைப்பு." யாரைப் பற்றிய கதையால் தீப்பிடித்ததோ அந்த வர்க்கத்திலிருந்து ஒருத்திகூட அந்தப் படத்தில் இல்லை.

என் கேள்வி எளிமையானது. அமைதியைப் பற்றிப் பேசுகிற பொறுப்பு ஏன் நம் சமூகத்தில் பெண்களிடம் வருவதே இல்லை? ஊடகம் அழைக்காததாலா, நாம் அனுப்பாததாலா?


நடுநிலைவாதி எழுதியது:

சகோதரி, கேள்வி நியாயம்தான், ஆனால் ஒரு சந்தேகம். மேடையில் இரண்டு பெண்கள் ஏறி நின்றால் வதந்தி நின்றுவிடுமா? குடும்பக் குழுக்களில் "அவசரம், எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று ஃபார்வர்டு செய்பவர்களில் பெண்கள் குறைவா என்ன?

பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தாலிபானுக்குத் தலைவராக இருந்த மௌலானா ஃபஸ்லுல்லாஹ்வுக்கு "ரேடியோ முல்லா" என்றே பெயர். சட்டவிரோத எஃப்.எம். வைத்துக்கொண்டு தினமும் பேசினார். தொடக்கத்தில் அவருடைய பெரிய ஆதரவே வீட்டுக்குள் இருந்த பெண்கள்தான். நகைகளைக் கழற்றி நன்கொடையாகக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் வளர்ந்த இயக்கம்தான் பின்னால் பெண் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களைக் குண்டு வைத்துத் தகர்த்தது. பெண்கள் இயல்பிலேயே அமைதியை விரும்புகிறவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.


மைவிழி எழுதியது:

நடுநிலைவாதி சொன்ன ஸ்வாத் கதை அவருடைய வாதத்தைவிட அலைவரிசையின் வாதத்துக்குத்தான் அதிகம் உதவும்.

ஃபஸ்லுல்லாஹ் என்ன செய்தார்? பகலெல்லாம் வீட்டில் இருக்கிற, வெளியே போக அனுமதி இல்லாத, பலர் எழுதப் படிக்கவும் தெரியாத பெண்களை நேயர்களாக மதித்தார். அவர்களை நோக்கிப் பேசினார். நன்கொடை கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அதுவரை அந்தப் பெண்களிடம் யார் பேசியிருந்தார்கள்? அரசாங்கமா, கட்சிகளா, பள்ளிவாசலா? காலியாகக் கிடந்த இடத்தில் முதலில் வந்தவர் உட்கார்ந்துகொண்டார். எதிர்ப்பக்கம் அதே ஸ்வாத்திலிருந்து 2009 ஜனவரியில் குல் மகாய் என்ற புனைபெயரில் பிபிசி உருதுவுக்கு நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தது 11 வயதுப் பிள்ளை ஒன்று. மலாலா. பெரியவர்கள் ஒரு வானொலி நிலையம் வைத்துப் பேசியிருக்க வேண்டிய வேலை அது.

பிறகு ஆப்கானிஸ்தானில் வேறொருவர் அந்த இடத்தைப் புரிந்துகொண்டார். ஹமீதா அமான் 2021 மார்ச் 8 அன்று காபூலில் ரேடியோ பேகம் தொடங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் தாலிபான் வந்தது, பெண் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. அந்த நிலையம் பாடங்களை வானொலியிலேயே நடத்தியது. 2025 பிப்ரவரியில் சோதனை போட்டு நிறுத்தினார்கள், அதே மாதக் கடைசியில் மறுபடி ஒலிபரப்ப அனுமதி கொடுத்தார்கள். யுத்தமும் அமைதியும் எங்கே முடிவாகிறது என்பது துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. சமாதானக் குழுவினருக்குத்தான் இன்னும் தெரியவில்லை.


ஓதும் பையன் எழுதியது:

ஸலாம். நான் மதரஸாவில் கடைசி ஆண்டு படிக்கிறேன். இந்த விஷயத்தில் நமக்கு வெளியிலிருந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். குர்ஆனின் 24ஆம் அத்தியாயமான சூரா நூரை எடுத்துப் பாருங்கள், அன்னை ஆயிஷா மீதான அவதூறு பொய் என்று சொன்ன வசனங்கள் அதில்தான் இருக்கின்றன.

பனூ முஸ்தலிக் போர் முடிந்து திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்களின் மனைவி அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்து மாலை தொலைந்துபோகிறது. தேடப் போன நேரத்தில், அவர் உள்ளே இருக்கிறார் என்று நினைத்துச் சிவிகையை ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு படை கிளம்பிவிடுகிறது. பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) அவரைத் தன் ஒட்டகத்தில் ஏற்றி, தான் நடந்து, கொண்டுவந்து சேர்க்கிறார். அவ்வளவுதான் நடந்தது. இருவரையும் இணைத்து ஒரு மாத காலம் மதீனா முழுக்க வாய் ஓயவில்லை. சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் தெரியாது! உம்மு மிஸ்தஹ் என்ற பெண்மணியோடு இரவில் வெளியே போகும்போது, அந்தப் பெண்மணி கால் தடுக்கி, வதந்தி பரப்பியவர்களில் ஒருவரான தன் மகனையே சபிக்கிறார். பத்ருப் போரில் கலந்துகொண்டவரை இப்படிச் சொல்கிறீர்களே என்று ஆயிஷா கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வருகிறது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒன்று. நபி (ஸல்) அவர்கள் விசாரித்தபோது யாரிடமெல்லாம் கேட்டார்கள்? பணிப்பெண் பரீராவிடம் கேட்டார்கள். மாவைப் பிசைந்து வைத்துவிட்டுத் தூங்கிவிடுவார், வீட்டு ஆடு வந்து தின்றுவிடும், அதைத் தவிர அவரிடம் நான் ஒரு குறையும் கண்டதில்லை என்ற பொருளில் பரீரா சொன்னார். ஸைனப் (ரலி) அவர்களிடமும் கேட்டார்கள். சக மனைவி. வாய்ப்பு கிடைத்தது என்று நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அவருடைய சகோதரி ஹம்னாவே வதந்தி பரப்பியவர்களில் ஒருவர். ஆனால் ஸைனப், என் காதையும் கண்ணையும் பாதுகாத்துக்கொள்கிறேன், நல்லதைத் தவிர வேறு எதுவும் அறியேன் என்று முடித்துக்கொண்டார்.

ஆக, ஒரு பெண்ணைப் பற்றிய வதந்தியைச் சரிபார்க்க வீட்டுக்குள் இருந்த பெண்களிடம் கேட்பது நமக்குப் புதிய விஷயமே இல்லை. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று சூரா ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் தனியாகவும் இருக்கிறது.


கண்ணாடி எழுதியது:

பரீராவைப் பற்றி இத்தனை ஜும்ஆ பயானில், வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில், ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. மாலை, ஒட்டகம், வசனம் இறங்கியது, முடிந்தது.


மைவிழி எழுதியது:

ஓதும் பையன் தம்பி, அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசுகிறேன்.

நீங்கள் இதைப் பயானில் சொல்வீர்கள். பெண்கள் பகுதியில் நாங்கள் உட்கார்ந்து கேட்போம், ஒலிபெருக்கி அன்றைக்கு வேலை செய்தால். எனக்குத் தெரிந்த பெண்கள் பகுதியில் திரைக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒலிபெருக்கி பாதிப் பேச்சில் கரகரத்து அணைந்துவிடும். அங்கே யாருக்கும் அது தெரியாது, தெரியப்படுத்தவும் வழி கிடையாது. ஒரு சின்னப் பையனை அனுப்ப வேண்டும். அவன் போய்த் தன் வாப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். கேள்வி கேட்க வேண்டுமானால் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். அந்தச் சீட்டுகள் ஒரு நிர்வாகி கையைத் தாண்டித்தான் ஹஜ்ரத்திடம் போகும். சுத்தம், தொழுகை பற்றிய கேள்விகளுக்குப் பதில் வரும். "போன மாதம் நம் ஆட்கள் அந்தப் பையனை அடித்தது சரியா?" என்று எழுதிய சீட்டுக்குப் பதில் வந்ததில்லை.

அன்னை ஆயிஷா அவர்கள் வழியாக 2,210 ஹதீஸ்கள் வந்திருக்கின்றன என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆண்கள் வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டு போனதால் வந்தவை அவை. 2024 ஆகஸ்டில் தாலிபான் போட்ட சட்டமோ பெண்ணின் குரலே அவ்ரத், அதாவது மறைக்க வேண்டியது, வெளியே கேட்கக் கூடாது என்கிறது. அவர்களைப் பார்த்து நாம் தலையில் அடித்துக்கொள்கிறோம். நம் நிர்வாகக் குழுக்களில் எத்தனை பெண்கள் என்று அப்புறம் எண்ணிப் பார்க்கலாம்.


இரவுப்பணி எழுதியது:

நான் செய்திப் பிரிவில் இருக்கிறவன். உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், உங்கள் ஊகங்களை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

முஸ்லிம்கள் பற்றி ஒரு செய்தி வருகிறது. வங்கிக் கடன் பற்றியோ, தேர்வு முடிவு பற்றியோ, எதுவாகவும் இருக்கட்டும். பக்கம் போக இருபது நிமிடம் இருக்கும்போது படக் களஞ்சியத்தில் தேடுகிறோம். முதலில் வருவது கறுப்பு நிகாப் அணிந்த பெண்ணின் முதுகு. முகம் தெரியாது, அதனால் அனுமதிப் பிரச்சினை கிடையாது, அதனால் அதையே போடுகிறோம். யாரும் சதித்திட்டம் தீட்டவில்லை. சோம்பேறித்தனமும் நேர நெருக்கடியும்தான். ஆனால் வருடக்கணக்கில் இதையே பார்க்கும் வாசகருக்கு முஸ்லிம் பெண் என்றால் பேசாத ஒரு முதுகு.

மேற்கோள் கேட்கும்போதும் இதே கதை. உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் என்று ஒன்று 1995இலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. செய்தியில் பேசப்படுகிறவர்களிலும் பேசுகிறவர்களிலும் பெண்கள் 1995இல் 17 சதவீதம், 2020இல் 25 சதவீதம். இது எல்லாச் சமூகத்துக்கும் சேர்த்து. வந்தவர்களிலும் பெண்கள் எதற்காக வருகிறார்கள் என்று பாருங்கள். பாதிக்கப்பட்டவர், நேரில் பார்த்தவர், இறந்தவரின் மனைவி. விளக்கம் சொல்ல, தீர்வு சொல்ல ஆண்.

யேமனில் 2016இலிருந்து கடத்தப்பட்டோரின் தாய்மார் சங்கம் என்று ஒன்று இயங்குகிறது. எல்லாத் தரப்புச் சிறைகளின் வாசலிலும் போய் நிற்கிறார்கள், யார் எங்கே அடைபட்டிருக்கிறார் என்று பட்டியல் எடுக்கிறார்கள், விடுதலைக்குப் பேசுகிறார்கள். முறையான சமரசப் பணி இது. எங்கள் பிரிவுக்கு அவர்கள் படம் வந்தால் எதைத் தேர்ந்தெடுப்போம் தெரியுமா? கண்ணீரோடு மகனின் புகைப்படத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும் தாய். பட்டியலோடு உட்கார்ந்து பேசும் தாயின் படம் யாரும் எடுப்பதே இல்லை.


நடுநிலைவாதி எழுதியது:

> யாரும் சதித்திட்டம் தீட்டவில்லை

இதை நான் முழுசாக ஏற்க மாட்டேன். 2001 நவம்பர் 17 அன்று அமெரிக்க அதிபரின் வாராந்தர வானொலி உரையை அதிபருக்குப் பதிலாக அவர் மனைவி லாரா புஷ் படித்தார். முழுக்க ஆப்கான் பெண்களைப் பற்றி. குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம். பெண்களை மீட்கிறோம் என்பது அந்தப் போரின் விளம்பர வாசகமாகவே ஆனது. அதனால்தான் நம் வீடுகளில் யாராவது பெண்ணுரிமை என்று வாயெடுத்தால் "யாருடைய பணத்தில் பேசுகிறாய்" என்ற கேள்வி முதலில் வருகிறது. அந்தச் சந்தேகம் சும்மா முளைத்ததில்லை.


மைவிழி எழுதியது:

சந்தேகம் சும்மா முளைக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு ஈடு கட்டுவது யார்? குண்டு போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளூரில் பேச முயன்ற பெண்தான் "வெளிநாட்டுக் கைக்கூலி" ஆனாள். இரண்டு பக்கமும் அவளையே காட்டிப் பேசின, அவளிடம் யாரும் கேட்கவில்லை.


தொலைநோக்கி எழுதியது:

விவாதம் வெளி ஊடகம் கெட்டதா, நம் ஜமாஅத் கெட்டதா என்று போய்க்கொண்டிருக்கிறது. நடந்து முடிந்த ஒரு நல்ல உதாரணத்தைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கென்யாவின் வடகிழக்கில் வாஜிர். சோமாலி முஸ்லிம்கள் வாழும் வறண்ட பகுதி. 1990களின் தொடக்கத்தில் அஜுரான், டெகோடியா, ஒகாடேன் குலங்களுக்குள் பெரிய வெட்டுக்குத்து. சந்தையில்கூட ஒரு குலத்துப் பெண் இன்னொரு குலத்துப் பெண்ணிடம் பால் வாங்க மாட்டாள். அந்த நேரத்தில் டேகா இப்ராஹிம் அப்தி என்ற ஆசிரியையும் அவருடைய தோழிகளும் பேச ஆரம்பித்தார்கள். முதல் பேச்சு நடந்த இடம் ஒரு கல்யாண வீடு. எந்த அமைச்சகமும் கூட்டிய கூட்டம் கிடையாது.

அவர்கள் முதலில் கையில் எடுத்தது சந்தையை. எந்தக் குலத்துப் பெண்ணும் யாரிடமும் வாங்கலாம், விற்கலாம். தகராறு வந்தால் உடனே போய் நிற்க ஒரு குழு. வதந்தி கிளம்புவதே சந்தையில்தான் என்பதால் அங்கே நிற்பவர்களுக்கு எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் பெரியவர்களிடம் போனார்கள். அதிலும் ஒரு யோசனை: இருப்பதிலேயே பெரிய குலத்தின் தலைவரை நாடிப் போகவில்லை, யாருக்கும் மிரட்டலாகத் தெரியாத மிகச் சிறிய குலத்தின் பெரியவரை முன்னால் நிறுத்திப் பேசவைத்தார்கள். கடைசியில் 1993இல் பெரியவர்கள் சேர்ந்து அல் ஃபத்தாஹ் பிரகடனம் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் ஆண்கள்தான். அதுவரை கொண்டுவந்து சேர்த்தது யார் என்று வாஜிரில் எல்லோருக்கும் தெரியும். டேகாவுக்கு 2007இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2011இல் ஒரு சாலை விபத்துக்குப் பிறகு இறந்துபோனார்.

கையெழுத்துவரை வந்ததும் உண்டு. பிலிப்பைன்ஸ் அரசுக்கும் முஸ்லிம் கிளர்ச்சி அமைப்பான மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணிக்கும் 2014 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனபோது அரசின் தலைமைப் பேச்சாளராகக் கையெழுத்திட்டவர் மிரியம் கொரோனெல் ஃபெரர். அவர் முஸ்லிம் இல்லை. ஆனால் முன்னணியின் பக்கத்திலும் ரைஸா ஜஜூரி என்ற முஸ்லிம் வழக்கறிஞர் இருந்தார். அதற்கு நேர்மாறாக 2018 டிசம்பரில் யேமனுக்காக ஸ்டாக்ஹோமில் பேசியபோது இரண்டு தரப்புக் குழுக்களிலும் சேர்த்து ஒரே ஒரு பெண். பேச்சுவார்த்தையில் பெண்கள் வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1325ஆம் தீர்மானம் போட்டது 2000த்தில்.


கண்ணாடி எழுதியது:

வாஜிர் கதையில் ஒரு ஊடகமும் இல்லையே, கவனித்தீர்களா?


தொலைநோக்கி எழுதியது:

சந்தைதான் அங்கே ஊடகம். அன்றைக்கு அங்கே செய்தி போனதும் வந்ததும் அதன் வழியாகத்தான். இன்றைக்கு அந்த வேலையை வாட்ஸ்அப் குழு செய்கிறது.


கரையோரம் எழுதியது:

எல்லாரும் பெண்களை முன்னால் வரச் சொல்கிறீர்கள். வந்தவர்களுக்கு என்ன ஆனது என்று யாரும் எழுதவில்லை.

ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்தில் எனிகாஸ் என்ற தொலைக்காட்சி, வானொலி நிறுவனம். அதில் தொகுப்பாளராக இருந்த மலாலை மைவந்தை 2020 டிசம்பரில் காரோட்டியோடு சேர்த்துச் சுட்டுக் கொன்றார்கள். மூன்று மாதம் கழித்து அதே நிலையத்தில் வேலை பார்த்த மூன்று இளம் பெண்களைக் கொன்றார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவர்கள். வெளிநாட்டுத் தொடர்களுக்குக் குரல் கொடுத்ததுதான் அவர்கள் செய்த பாவம்.

எதிர்த்திசையிலிருந்தும் அடி விழுகிறது. 2021 ஜூலையிலும் 2022 புத்தாண்டு அன்றும் இந்தியாவில் முஸ்லிம் பெண்களின் படங்களைத் திருடி, ஏலம் விடுவதுபோல் செயலி செய்து போட்டார்கள். யாருடைய படங்கள்? பத்திரிகையாளர்கள், செயற்பாட்டாளர்கள், சட்டம் படித்தவர்கள், விமானி. பேசத் தெரிந்த பெண்களாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார்கள். அந்தப் பெண்களில் எத்தனை பேரின் வீட்டில் "இதற்குத்தான் படம் போடாதே என்று சொன்னேன்" என்ற பேச்சு விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

என் மனைவி இதில் இறங்கினால் நான் பெருமைப்படுவேன், இரவு தூங்கவும் மாட்டேன். இரண்டும் உண்மை. அமைதிக்குழு என்று சொல்லிப் பெண்களை முன்னிறுத்துகிறவர்கள், மிரட்டல் வந்தால் யார் கூட நிற்பார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.


அலைவரிசை எழுதியது:

கரையோரம், இதை நீங்கள் எழுதியது நல்லது. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் முகத்தோடு மேடையில் நிற்பது மட்டும்தான் ஒரே வழி என்று நான் நினைக்கவில்லை.

நாங்கள் சில பெண்கள் சேர்ந்து ஒரு குழுவில் செய்வதைச் சொல்கிறேன். பெயரோ விளம்பரமோ கிடையாது. கலவர வாடை அடிக்கிற மாதிரி ஒரு குரல் பதிவு வருகிறது. முதலில் பார்ப்பது இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று. இருந்தால் அது பல கை மாறி வந்தது, அனுப்பியவருக்கே தெரியாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு அரட்டைக்குத்தான் அனுப்ப முடியும், ஆனால் பொறுமையாக ஒவ்வொன்றாக அனுப்புகிறவர்கள் எந்தக் குழுவிலும் உண்டு. அடுத்து, அனுப்பியவரிடம் தனியாக, மரியாதையாகக் கேட்போம்: இது உங்களுக்கு யாரிடமிருந்து வந்தது மாமி? குழுவில் எல்லார் முன்னாலும் "பொய்" என்று போட்டால் அவர் வீம்புக்கு இன்னும் நாலு பேருக்கு அனுப்புவார். தனியாகக் கேட்டால் பெரும்பாலும் தானே அழித்துவிடுவார். அப்புறம் சம்பவம் நடந்ததாகச் சொல்லும் தெருவில் யாருக்காவது உறவு இருக்கும். ஒரு ஃபோன். ஆண்கள் காவல் நிலையத்துக்கும் ஜமாஅத் அலுவலகத்துக்கும் நடந்துகொண்டிருக்கும்போது, அந்த வீட்டுச் சமையலறைவரை போய் உண்மையைக் கேட்டுவிட முடிவது பெண்களால்தான்.

மறுப்பு அனுப்புவதிலும் நாங்கள் வைத்திருக்கும் ஒழுங்குகள் உண்டு. வதந்தியை மறுபடி சொல்லித் தொடங்க மாட்டோம், நடந்ததிலிருந்து தொடங்குவோம். அந்தப் பெண்ணின் பெயரும் படமும் மறுப்பில்கூட வராது. பொய் என்று சொல்வதற்காகப் படத்தைப் போட்டாலும் படம்தான் பரவும், மறுப்பு பரவாது. எழுத்தாக அனுப்புவதைவிட அரை நிமிடத்துக்குள் அடங்கும் குரல் பதிவு நன்றாகப் போய்ச் சேர்கிறது, படிக்கத் தெரியாத பெரியவர்களிடம் முக்கியமாக. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரியம்மா குரலில் வந்தால் நம்பிவிடுகிறார்கள்.


இரவுப்பணி எழுதியது:

இப்படிச் சரிபார்த்த விஷயம் உங்கள் கையில் இருப்பது எங்களுக்குத் தெரியாது என்பதுதான் பிரச்சினை. எங்கள் தொலைபேசியில் இருப்பது தலைவர், செயலாளர், செய்தித் தொடர்பாளர். மூவரும் ஆண்கள். இரவு பதினொரு மணிக்கு அவர்களைக் கேட்டால் "விசாரித்துச் சொல்கிறோம்" என்பார்கள். நாங்கள் "பதற்றம் நிலவுகிறது" என்று போட்டுவிட்டுப் போவோம். ஒரு ஜமாஅத் தன் தொடர்புப் பட்டியலில் இரண்டு பெண்களின் எண்ணைச் சேர்த்துக் கொடுத்தால் அடுத்த நாள் செய்தி வேறு மாதிரி இருக்கும். பெயர் போட வேண்டாம் என்றால் போடாமலும் எழுதுவோம், அதற்கு எங்களிடம் நடைமுறை உண்டு.


நடுநிலைவாதி எழுதியது:

அலைவரிசை சொன்ன மாதிரி வேலை என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பாருங்கள், இதுவும் பெண்கள் மறைவில் செய்யும் வேலையாகவே முடிகிறது. அலைந்து சரிபார்ப்பது அவர்கள், அறிக்கை விடுவது செயலாளர். அதைத்தானே முதல் பதிவில் குறை சொன்னீர்கள்?


மைவிழி எழுதியது:

முதல் தடவையாக நடுநிலைவாதி சொல்வதோடு உடன்படுகிறேன், தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புக்காக மறைந்திருப்பது அந்தப் பெண் எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். வழக்கமே அதுதான் என்று மற்றவர்கள் முடிவு செய்தால் அது வேறு. இந்தோனேசியாவைப் பாருங்கள். 2017 ஏப்ரலில் சிரெபோனில் ஒரு பெண் நடத்தும் பெசந்த்ரனில், அதாவது அவர்களுடைய மதரஸாவில், பெண் உலமாக்களின் (மார்க்க அறிஞர்களின்) மாநாடு கூடியது. குழந்தைத் திருமணம், பாலியல் வன்முறை, சுற்றுச்சூழல் அழிவு மூன்றைப் பற்றியும் அவர்களே ஃபத்வா வெளியிட்டார்கள். வெளிநாட்டு ஊடகம் வரை ஓடி வந்தது, ஏனென்றால் இப்போது பெண்கள் புலம்பவில்லை, தீர்ப்புச் சொல்கிறார்கள். 2019இல் அங்கே பெண்ணின் திருமண வயதை 16இலிருந்து 19 ஆக்கினார்கள். அந்த ஒரு மாநாட்டால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன், நீதிமன்றத்திலும் நீண்ட போராட்டம் நடந்தது. ஆனால் மார்க்கம் தெரியாமல் பேசுகிறார்கள் என்று யாராலும் தள்ள முடியவில்லை. மொராக்கோவில் அரசே 2006இலிருந்து பெண்களுக்கு முர்ஷிதாக்களாக, அதாவது மார்க்க வழிகாட்டிகளாகப் பயிற்சி கொடுத்துப் பள்ளிவாசல்களுக்கு அனுப்புகிறது. அது அரசின் ஆள் என்று விமர்சனமும் உண்டு. இருந்தாலும் வாசல் திறந்திருக்கிறது.


ஓதும் பையன் எழுதியது:

மைவிழி அக்கா சொன்ன ஒலிபெருக்கி விஷயத்துக்கு நான் பதில் எழுதவில்லை, ஏனென்றால் பதில் இல்லை. எங்கள் பக்கமும் அப்படித்தான்.

ஹுதைபியாவை மட்டும் சேர்த்துவிடுகிறேன். ஹிஜ்ரி 6. மக்காவாசிகளோடு சமாதான உடன்படிக்கை எழுதியாகிவிட்டது, தோழர்களுக்கு மனம் ஆறவில்லை. பலி கொடுங்கள், தலை மழியுங்கள் என்று நபி (ஸல்) மூன்று முறை சொல்லியும் யாரும் எழவில்லை. கூடாரத்துக்குள் வந்து மனைவி உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் சொல்கிறார்கள். யாரிடமும் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள், நீங்கள் வெளியே போய் உங்கள் பலிப் பிராணியை அறுத்து, தலையை மழித்துக்கொள்ளுங்கள் என்று அவர் யோசனை சொன்னார். அப்படியே செய்ததும் எல்லோரும் எழுந்தார்கள். அந்தச் சமாதானம் நிலைத்ததில் ஒரு பெண்ணின் யோசனைக்குப் பங்கு உண்டு, அதைப் பெயரோடுதான் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். நடுநிலைவாதி அண்ணன் கேட்டதற்கு இதுதான் என் பதில்: வேலை உள்ளே நடந்தாலும் பெயர் வெளியே வரலாம்.

வருகிற வெள்ளிக்கிழமை பயான் என் முறை. பரீராவைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பெண்கள் பகுதி ஒலிபெருக்கியை முந்தின நாளே போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், கேள்விச் சீட்டுகளை நேராக என்னிடம் தரச் சொல்லவும் உத்தேசம்.


மைவிழி எழுதியது:

நிர்வாகி ஒத்துக்கொண்டாரா?


ஓதும் பையன் எழுதியது:

இன்னும் கேட்கவில்லை அக்கா. நாளை அஸருக்குப் பிறகு.